ஒன்பதே முக்கால் அடி வரவேற்பு

மேல்கண்டிகை,
தீபாவளி கழிந்த நான்காம் நாள்.

மீஞ்சூரில் இருக்கும் பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. லோகநாதன் அவர்களுக்கு, உங்கள் மருமகள் கவிப்பிரியாவைப் பெற்ற சடையப்பன் பணிவன்போடு எழுதுவது. இங்கே நான், என் மனைவி சுமலதா, என் தம்பி சந்திரமோகன், இரண்டு பசு, ஒரு கன்று எல்லாரும் சுகம். வைக்கோல் போர் மட்டும் சுகமில்லை. அங்கே நீங்களும் உங்கள் வீட்டம்மா தங்கச்சி கோவிந்தம்மாவும், அவருடைய முழங்கால் வலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல். தலை தீபாவளிக்கு நீங்கள் இருவரும் வராமல் போனது எனக்குப் பெரிய குறை. வந்திருந்தால் நடந்ததை நீங்களே கண்ணால் பார்த்திருப்பீர்கள், எனக்கு இந்தத் தாளும் மையும் மிச்சமாகியிருக்கும். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார், நான் சத்தம் போடுவேன், அப்புறம் மரியாதை கெட்டுவிடும். அதனால்தான் மரியாதையாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயம் உங்கள் மகன் சபரிநாதனைப் பற்றியது. குறை சொல்வதாக நினைக்கக் கூடாது. குடி இல்லை, சீட்டு இல்லை, தேர்வாய் கண்டிகையில் நல்ல கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை, நேரத்துக்கு வீடு, என் பெண்ணை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. இப்படிப்பட்ட பிள்ளைக்கு எங்கிருந்து பிடித்தது இந்தத் தீயணைப்பு வண்டிப் பைத்தியம் என்பதைத்தான் நான் கேட்கிறேன். உலகத்தில் மனிதனுக்கு எத்தனையோ ஆசைகள் உண்டு. சிலர் புறா வளர்ப்பார்கள். சிலர் பழைய தபால் தலை சேர்ப்பார்கள். என் தம்பி சந்திரமோகன் ஒரு காலத்தில் கிளி ஜோசியம் கற்றுக்கொள்ளப் போனான், அதைக்கூட நான் மன்னித்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, வெளுத்த சட்டை போட்டு, பொண்டாட்டியை வண்டியில் பின்னால் உட்காரவைத்து, முப்பது கிலோமீட்டர் போய், ஒரு நிலையத்துக் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே சும்மா நிற்கிற சிவப்பு வண்டியைப் பார்த்துவிட்டு வருகிற மனிதனாக இவரைத் தவிர இன்னொருவரை நான் பார்த்ததில்லை. தப்பாகச் சொல்லிவிட்டேன், இன்னும் பதினோரு பேர் இருக்கிறார்களாம். 'செவ்வண்டி நண்பர்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு. திருநின்றவூரில் பேங்கில் வேலை பார்க்கும் கிறிஸ்டினா என்கிற அம்மாள் அதற்குத் தலைவி. ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஜோசப் என்பவர் செயலாளர். வண்டியின் சைரன் சத்தத்தை மட்டும் கேட்டு அது எந்த ஊர் வண்டி என்று சொல்வதில் அவர்களுக்குள் போட்டி வேறு. ஜெயித்தவருக்கு என்ன பரிசு என்று கேட்டேன். இன்னொரு சைரன் சத்தத்தை அனுப்புவார்களாம்.

எனக்கு அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டும். பெண் பார்க்க நீங்கள் எல்லாரும் வந்த அன்று, கேசரியும் பஜ்ஜியும் வைத்து, கவிப்பிரியா காபி கொண்டுவந்து நீட்டுகிற நேரத்தில் பெரிய ரோட்டுப் பக்கம் எங்கோ ஒரு சைரன் கேட்டது. மாப்பிள்ளை கையில் இருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டார். வயிற்றுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறி நான் கொல்லைப்பக்கம் கை காட்டினேன். அவர் திரும்பி என்னிடம், "டிரைவர் புதுசு மாமா, கியர் மாத்துறதுல தெரியுது" என்றார். சிரித்தீர்கள் நீங்கள். நானும் சிரித்தேன். பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவர் டிரைவரைப் பற்றிக் கவலைப்படுகிறாரே என்று எனக்குத் தோன்றாமல் போனதே. கல்யாணத்துக்கு அந்தக் குழுவினர் கொண்டுவந்த பரிசு நினைவிருக்கும், மூன்றடிச் சட்டத்தில் தண்ணீர் வண்டியின் படம். அது இப்போது உங்கள் வீட்டுக் கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. ஆயுத பூஜைக்கு நான் வந்தபோது தங்கச்சி கோவிந்தம்மா அதற்கும் சேர்த்துக் குங்குமம் வைத்திருந்ததைப் பார்த்தேன். மகனுக்கு இடம் கொடுத்தது யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. போனிலும் அப்படித்தான். ஒவ்வொருவர் கூப்பிட்டால் ஒவ்வொரு வண்டிச் சத்தம். உங்களுக்கு ஆம்புலன்ஸ், கோவிந்தம்மாவுக்குக் கிரேன். நான் கூப்பிட்டால் அந்தக் காலத்தில் கையால் மணி அடித்துக்கொண்டு போகும் பழைய வண்டியின் சத்தம் வருமாம். எனக்கு மட்டும் ஏன் ஓட்டை வண்டி என்று கேட்டேன். "அது ரொம்ப மருவாதியான வண்டி மாமா" என்று பதில் வந்தது.

இனி தீபாவளிக்கு வருகிறேன். என் ஒரே பெண்ணின் தலை தீபாவளி. ஊரில் நான் ஒருமுறை துணைத் தலைவராக இருந்தவன், அடுத்த தேர்தலுக்கும் நிற்கலாமா என்று நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கும் நேரம். அதனால் தெருமுனையில் இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பு நட்டு, குறுக்கே பெரிய பேனர் கட்டினேன். இடது பக்கம் நான் கும்பிட்டபடி, வலது பக்கம் மாப்பிள்ளை கோட்டு போட்ட கல்யாணப் படம், நடுவில் 'தலை தீபாவளி காண வரும் எங்கள் குலவிளக்கின் கணவரே வருக வருக' என்று எழுத்து. கும்மிடிப்பூண்டியில் இரண்டு நாள் பேனர் கடையில் போய் நின்று என் மீசையைச் சரியாகப் போடவைத்தேன். முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை கவிப்பிரியாவோடு வந்து இறங்கினார். சுமலதா ஆரத்தித் தட்டோடு நிற்கிறாள், ஊர் ஜனம் கூடி நிற்கிறது, மேளக்காரன் அடிக்கிறான். மாப்பிள்ளை பேனரை அண்ணாந்து பார்த்தார். நெஞ்சு நிறைந்து கண் கலங்கப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். பைக்குள் கையை விட்டு இஞ்சி டேப்பை எடுத்தார். அதை எடுத்து ஒரு முனையைச் சந்திரமோகன் கையில் கொடுத்து, சவுக்குக் கம்பில் அளந்து பார்த்துவிட்டு, "மாமா, அடிப்பக்கம் ஒம்பதே முக்கா அடிதான் கீது. தீயணப்பு வண்டிக்குப் பத்தரை அடி வேணும், மேல ஏணி கட்டிக்கினு வரும்" என்றார். ஆரத்தித் தட்டில் கற்பூரம் அணைந்துபோயிற்று.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? கோபப்படவில்லை. "மாப்ள, தீபாவளிக்கு நீங்க வர்றீங்களா, உங்க வண்டி வருதா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். கூட்டம் சிரித்தது. அவர், "ரெண்டடி தூக்கிக் கட்டிடலாம் மாமா, பத்து நிமிசம், நானே ஏறிக் கட்றேன்" என்றார். தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை கம்பில் ஏறி அவர் படத்தை அவரே தூக்கிக் கட்டினால் ஊர் என்ன பேசும் சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் விடவில்லை, சாப்பிடும்போது ஒருமுறை, படுக்கப் போகும்போது ஒருமுறை கேட்டார். கடைசியில், "பேனர்ல கை வெச்சா என் மூஞ்சியில கை வெச்ச மாதிரி" என்று முடித்துவிட்டேன். இதுதான் நான் செய்த பாவம், வேறொன்றும் இல்லை.

மறுநாள் காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, மோதிரம் போட்டு, நாஷ்டா முடிந்தது. மாப்பிள்ளை முதல் வெடி போட வேண்டும், அது எங்கள் தெருவில் வழக்கம், அதைப் பார்க்கத்தான் ஜனம் வாசலில் காத்து நிற்கும். ஆறிலிருந்து ஏழு மணிக்குள் வெடிக்கத்தான் அனுமதி என்பதும் உங்களுக்குத் தெரியும், மணி ஆறே கால் ஆகிவிட்டது. இவர் மத்தாப்பைக்கூடத் தொட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். பத்து நாளாக மழை இல்லை, காற்று வடக்கேயிருந்து அடிக்கிறது, கொல்லையில் வைக்கோல் போர் இருக்கிறது, போருக்குப் பின்னால் முத்தம்மாவின் கூரை வீடு இருக்கிறது என்று எனக்கு என் வீட்டையே விளக்கிச் சொல்கிறார். சின்ன வயதிலிருந்து அந்தப் போரையும் அந்தக் கூரையையும் பார்த்தவன் நான். "நாள் முச்சூடும் வண்டிய பாக்குறேன் மாமா, வண்டி எதுக்குப் போவுதுன்னும் பாக்குறேன் இல்ல" என்று ஒரு தத்துவம் வேறு. வாசலில் சந்திரமோகன், "இன்னாண்ணே, மாப்ள பயந்துக்கினாரா?" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டான். என் மானம் வாசற்படியில் நின்றது.

பிறகு என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சரியாக ஆறரை மணிக்கு, என் வீட்டுக் கொல்லையிலிருந்து, வடக்குப் பக்கமாக ஒரு ராக்கெட் கிளம்பியது. தெருவில் நின்ற எல்லாரும் கூரைக்கு மேல் அது போவதைக் கண்ணால் பார்த்து, மாப்பிள்ளை விட்டுவிட்டார் என்று கை தட்டினார்கள். அது மேலே போனது, யோசித்தது, திரும்பியது, நேராக வைக்கோல் போரின் உச்சியில் போய் உட்கார்ந்தது.

தீ பிடித்ததும் நானும் சந்திரமோகனும் ஊராரும் குடம், வாளி, அண்டா எது கிடைத்ததோ அதைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மாப்பிள்ளை எங்கே என்று பார்த்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டு வேலியோரம் நிற்கிறார். விருந்துக்கு வழி சொல்வது போல நிதானமாகப் பேசுகிறார். "ஏரிக்கரை வழியா வராதீங்க சார், அந்தச் சின்னப் பாலம் உங்க வெயிட்டு தாங்காது. தேர்வாய் ரோட்ல வந்து பள்ளிக்கூடத்தாண்ட திரும்புங்க. பின்னால கூரை ஊடு ஒண்ணு கீது, மொதல்ல அதுக்கு அடிக்கணும்." இதைச் சொல்லி முடித்து என் வீட்டுக் கூரை இறவாணத்தில் செருகியிருந்த அரிவாளை உருவிக்கொண்டு, தீ எரிவதற்கு நேர் எதிர்ப்பக்கம், தெருமுனையைப் பார்த்து ஓடினார். மாமனார் சொத்து எரியும்போது மாப்பிள்ளை எதிர்த்திசையில் ஓடுவதை இந்தத் தெரு முதல் முறையாகப் பார்த்தது. வாளியோடு நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்காமல் சொல்கிறேன்.

எங்கே ஓடினார் என்று நினைக்கிறீர்கள்? என் பேனருக்கு. தொடாதே என்று சொன்ன பேனரில் கையை வைக்கவில்லை, அரிவாளையே வைத்தார். நட்ட நடுவில் ஒரே இழுப்பு. 'வருக வருக' என்று இருந்ததில் ஒரு 'வருக' இந்தப் பக்கமும் ஒரு 'வருக' அந்தப் பக்கமும் தொங்கியது. இடது கம்பில் நான் தலைகீழாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் படம் சாக்கடையில் குப்புற விழுந்து கிடந்தது, அதை அவர் எடுக்கக்கூட இல்லை. கிழித்து அவர் கையை உதறவும், தீயணைப்பு வண்டி தெருமுனையில் திரும்பவும் சரியாக இருந்தது. நிற்காமல் உள்ளே வந்தது. மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்து, "பதினாலு நிமிசம்" என்றார், ஏதோ அவரே ஓட்டி வந்தது போல.

வந்தவர்களாவது என் போரைப் பார்த்தார்களா? அதுவும் இல்லை. எரிகிற போரை விட்டுவிட்டு எரியாத முத்தம்மா கூரைக்குத் தண்ணீர் அடித்தார்கள். தலையில் எண்ணெயோடு நின்ற முத்தம்மா, நல்ல நாளும் அதுவுமாக வண்டித் தண்ணீரிலேயே குளித்து முடித்தாள். நான் கத்துகிறேன், யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை, "அதான் மாமா கரீட்டு, போர் போனா வைக்கல், ஊடு போனா மனுசங்க" என்று தலையை ஆட்டிக்கொண்டு குழாயைத் தூக்கிப் பிடித்து அவர்களுக்கு வழி விடுகிறார். கொஞ்ச நேரத்தில் கூரை ஈரமானதும் போருக்கு வந்தார்கள். நாலாயிரத்து ஐந்நூறு லிட்டர் வண்டி அது, பாதி தண்ணீரிலேயே அடக்கிவிட்டார்கள், பாதிப் போர் மிச்சம். இந்த லிட்டர் கணக்கெல்லாம் எனக்குத் தெரிந்து தொலைந்ததற்கும் உங்கள் மகன்தான் காரணம்.

இதற்கிடையில் குழு வந்து சேர்ந்தது. எங்கோ பக்கத்தில் பண்டிகைக் காவலுக்கு நிறுத்தியிருந்த இதே கும்மிடிப்பூண்டி வண்டியைத்தான் பார்க்கப் போயிருந்தார்களாம், மாப்பிள்ளை குழுவில் செய்தி போட்டதும் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்துவிட்டார்கள். ஜோசப் காக்கிச் சட்டை போட்டிருந்தார், அதில் நாலைந்து ஊர் நிலையங்களின் சின்னங்களைக் குத்தியிருந்தார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது போதுமே. பெரிய அதிகாரி வந்துவிட்டார் என்று சந்திரமோகன் எனக்காக வாங்கி வைத்திருந்த சால்வையை அவருக்குப் போர்த்தினான். சுமலதா அதிரசமும் காபியும் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள். நானே அவரிடம் கையைக் கட்டிக்கொண்டு, என் போரை முதலில் பார்க்காமல் போனார்கள் என்று புகார் கொடுத்தேன். அவர் அதிரசத்தை மென்றபடி, "கூரைய நனைக்கிறதுதான் சார் முறை" என்று எனக்கு விளக்கம் சொன்னார். உண்மையான அதிகாரி கரி பூசிய முகத்தோடு என் பின்னால் வந்து, "கொஞ்சம் குடிக்கத் தண்ணி கெடைக்குமா?" என்று கேட்டபோது, அப்புறம் தருகிறேன் இரு என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். கிறிஸ்டினா அம்மாள் புகையும் போருக்கு முன்னால் வண்டியை மூன்று கோணத்தில் படம் எடுத்தார். நான்காவது படத்துக்கு என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். வண்டி மறைகிறதாம்.

கடைசியில்தான் முக்கியமான விஷயம். அதிகாரி தாளை எடுத்துக்கொண்டு, தீ எப்படிப் பிடித்தது என்று கேட்டார். ஊரே நிற்கிறது. மாப்பிள்ளை முன்னால் வந்து, "நாந்தான் சார் உட்டேன்" என்றார். எழுதிக்கொண்டார்கள், கையெழுத்தும் போட்டார். நான் சொல்லவில்லை, அவர் வாயால் அவரே சொன்னது, தாளில் இருக்கிறது. தீயணைப்பு வண்டியைக் கும்பிடுகிறவர் மாமனார் வைக்கோல் போருக்கே தீ வைத்தார் என்றால் இதை எங்கே போய்ச் சொல்வது? அதைவிடப் பேஜாரு என்னவென்றால், இந்த ஊர் ஜனம். தீ வைத்ததாக ஒப்புக்கொண்ட மனிதரை மூன்று நாளாகத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். டீக்கடையில் அவருக்கு எழுந்து நிற்கிறார்கள். முத்தம்மா முறுக்கு கொடுத்து அனுப்புகிறாள். அவர் ஊருக்குக் கிளம்பும்போது பஸ் ஸ்டாப் வரை பதினைந்து பேர் வழியனுப்பப் போனார்கள். நானும் கூடப் போனேன், ஒருவர்கூட என்னிடம் பேசவில்லை.

எனவே சம்பந்தி அவர்கள் தயவுசெய்து கவனித்துச் செய்ய வேண்டியது. மாப்பிள்ளை அந்தக் குழுவிலிருந்து விலக வேண்டும். நீங்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை பாக்குத் தட்டோடு அவரை அழைத்துக்கொண்டு வந்து, போரைக் கொளுத்தியதற்கும் என் முகத்தை அறுத்ததற்கும் ஊர் முன்னால் ஒரு வார்த்தை வருத்தம் சொல்ல வைக்க வேண்டும். அதுவரையில் கவிப்பிரியா இங்கேயே இருப்பாள். அவர் தனியாகத்தான் ஊர் திரும்பினார் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். என் பெண்ணுக்கும் இதே எண்ணம்தான்.

உங்கள் குடும்பத்துக்கு எந்தக் குறையும் வராமல் எல்லம்மன் பார்த்துக்கொள்ளட்டும். தங்கச்சி கோவிந்தம்மாவின் முழங்காலுக்கு நொச்சி இலை ஒத்தடம் நல்லது. சுமலதா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
சடையப்பன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை எடுக்கப் போன நேரத்தில் கவிப்பிரியா இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டாள். "நைனா, மத்தாப்பு கூடத் தொடலன்னு மேல எழுதிக்கிற, ராக்கெட் உட்டாருன்னு கீழ எழுதிக்கிற. எங்க மாமனாரு படிச்சவரு" என்றாள். பேனாவை என் கையில் கொடுத்து எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். நான் எழுதாவிட்டால் அவள் எழுதுவாளாம். அதனால் எழுதுகிறேன். கொல்லையின் வடக்குப் பக்கம் நின்றது நான். வாசலில் சந்திரமோகன் சிரித்தது எனக்குத் தாங்கவில்லை. கொல்லையிலிருந்து ஒரு ராக்கெட் போனால் தெருவில் நிற்பவர்கள் மாப்பிள்ளைதான் விட்டார் என்று நினைத்துக்கொள்வார்கள், மானம் தப்பும் என்று கணக்குப் போட்டேன். மாப்பிள்ளை இரண்டு கையையும் விரித்து முன்னால் நின்றார். "வேணா மாமா, பாட்டில் சாஞ்சிகினு கீது" என்றார். ஐம்பது வருஷமாக ராக்கெட் விடுகிறேன், எனக்கா சொல்லித் தருகிறீர்கள் என்று அவரைத் தள்ளிவிட்டுத் திரியைப் பற்றவைத்தேன். பாட்டில் சாய்ந்துதான் இருந்தது.

அதிகாரி கேட்டபோது நான் வாயைத் திறக்கத்தான் போனேன். எதிரில் ஊர் நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார், பார்த்துவிட்டு முன்னால் போய்ச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்க்க முடியாத கோபத்தில்தான் மேலே உள்ள பக்கங்களை எல்லாம் எழுதினேன் போலிருக்கிறது. பெண்ணுக்கும் இதே எண்ணம் என்று எழுதியதும் பொய். "அவர் கூடப் போகாம நான் இங்க குந்திக்கினு இருக்கிறது நீ நிறுத்தினதால இல்ல நைனா, நீ எப்ப உண்மைய சொல்லுவேன்னு பாக்கத்தான்" என்கிறாள். கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றதற்கு விட மாட்டேன் என்கிறாள். மாமா முதலில் மேலே உள்ளதைப் படிக்கட்டும், பிறகு கீழே உள்ளதைப் படிக்கட்டும் என்கிறாள். என் ரத்தம்தான், வேறு யாரைச் சொல்வது.

இதை எழுதிவிட்டு, கூரை அவளுடையது என்பதால் முத்தம்மாவிடம் முதலில் சொல்லிவிடலாம் என்று வேலி வரை போய் வந்தேன். நான் பாதி சொல்வதற்குள் அவள் புளி கரைத்துக்கொண்டே சொல்கிறாள்: "அட, தெரியும் போ. தலைக்கு எண்ண வெச்சிக்கினு வேலியாண்டதான நின்னேன். உங் கையிலதான் ஊதுபத்தி இருந்துச்சி, மாப்ள ரெண்டு கையும் விரிச்சிக்கினு நின்னாரு. அன்னைக்கே ஊருக்குச் சொல்லிட்டேன்." டீக்கடையில் எல்லாரும் எழுந்து நின்றது ஏன், பஸ் ஸ்டாப்பில் ஒருவரும் என்னோடு பேசாதது ஏன் என்று வேலியில் கையை வைத்தபடி நின்று யோசித்தேன். மூன்று நாளாக இந்த ஊரில் ரகசியம் காத்துக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம். கவிப்பிரியாவை அழைத்துக்கொண்டு நான் மீஞ்சூர் வருகிறேன். தட்டு நான் கொண்டுவருகிறேன், மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டியதை உங்கள் தெருவில் நின்றே சொல்கிறேன். வருவதற்கு முன்னால் கும்மிடிப்பூண்டி நிலையத்துக்குப் போய் அந்தத் தாளில் பெயரை மாற்றி எழுதச் சொல்ல வேண்டும், அதிகாரிக்கு அன்றைக்குக் கொடுக்காத தண்ணீருக்காக இரண்டு இளநீரும் வாங்கிக்கொண்டு போகிறேன். சம்பந்தி வருகிறார் என்று நீங்கள் ஏதாவது செய்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். தெருமுனையில் பேனர் கட்டாதீர்கள். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பன்னிரண்டு அடிக்குக் குறையாமல் கட்டுங்கள், மாப்பிள்ளையை அளந்து பார்க்கச் சொல்லிவிட்டு.